நாலு கண்ணி விட்ட காலுறை

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரிலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து நாடகம் போடுகிறோம். ஆறு பெண்கள், மூன்று பையன்கள். பெண்களில் நாலு பேர் அம்மாவோடு கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். ஒருத்தியின் அப்பா மீன்பிடிக்கப் போன படகோடு பிடிபட்டு இன்னும் இலங்கையில் இருக்கிறார்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் குடிப்பழக்கம் பற்றி ஒரு குறுநாடகம் போட்டோம். இணையத்தில் கிடைத்ததுதான். சிரித்தார்கள், பாதியில் எழுந்தும் போய்விட்டார்கள். இதே சனம் திருவிழாவில் வள்ளி திருமணத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. எங்களால் இருபது நிமிடம் உட்கார வைக்க முடியவில்லை.

இந்த ஏப்ரலில் மறுபடி போடலாம் என்றிருக்கிறோம். இப்போது எழுதுகிறவர்களின் புதிய குறுநாடகங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா? கடல் பற்றியதாக இருந்தால் நல்லது. எங்களிடம் மைக் ஒன்று, விளக்கு இரண்டு. செட் எதுவும் கிடையாது.

பெயர் வேண்டாம் அண்ணன். ஊரில் கேலி செய்வார்கள்.

*

அன்புள்ள தங்கச்சி,

புதியவற்றைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் கெடுத்த ஒரு பழைய நாடகத்தைச் சொல்லிவிட வேண்டும். குறுநாடகத்தில் எதைப் பார்ப்பது என்று எனக்கு அதில்தான் பிடிபட்டது.

ஜே. எம். சிங் என்ற அயர்லாந்துக்காரரின் ஓரங்க நாடகம் ‘ரைடர்ஸ் டு தி ஸீ’. 1904-இல் டப்ளினில் மேடையேறியது. அரான் தீவில் ஒரு கிழவி, மகன்களை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தவள். தூரத்தில் ஒதுங்கிய ஒரு பிணத்திலிருந்து எடுத்த சட்டையும் ஒற்றைக் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. அண்ணனுடையதுதானா என்று தங்கைகள் இருவரும் அம்மாவுக்குத் தெரியாமல் பிரித்துப் பார்க்கிறார்கள். முப்பது வருசத்துக்கு முன்னால் தொண்டிப் பக்கம் ஒரு கரையில் இதைத் தமிழாக்கிப் போட்டோம். காலுறை நம் ஊரில் ஏது? கைலி என்று மாற்றினோம். துணியைப் பற்றித் தங்கைகள் பேசும் பகுதி நீளமாகத் தெரிந்தது, வெட்டினோம். நம் சனத்துக்கு ஏற்றபடி செய்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

முடிந்ததும் ஒரு அம்மா வந்தார். கருவாட்டுக் கூடையை இடுப்பிலிருந்து இறக்கக்கூட இல்லை. “ஏப்பா, கைலிய வச்சு எப்படிப்பா கண்டுபிடிச்சா அவ? ஊரே ஒரே கடையிலதான எடுக்குது? கிழிசலத் தச்சிருந்தா சரி. தச்சவளுக்குத் தன் தையல் தெரியும்.”

ராத்திரி மூலத்தை எடுத்துப் பார்த்தோம். நாங்கள் வெட்டின இடத்தில் அதுதான் இருந்தது. சட்டையை வைத்து முடிவுசெய்ய முடியாது, இந்தத் துணி கடையில் சுருள் சுருளாகக் கிடக்கிறதே என்கிறாள் மூத்தவள். இளையவள் காலுறையைக் கையில் எடுத்து எண்ணுகிறாள். அவள் பின்னியது அது. அறுபது பின்னல் கண்ணி போட்டாள், நாலு விட்டுப்போயிருந்தது. அந்த நாலு அதில் இருக்கிறது. அண்ணன் செத்தது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அம்மாவுக்கு அயர்லாந்து எந்தத் திசை என்றே தெரியாது. நாடகாசிரியர் எழுதியதை அப்படியே எங்களுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து குறுநாடகம் எது கிடைத்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இதில் கைக்கு வேலை இருக்கிறதா? உங்கள் குடி நாடகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் எல்லோரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாறிமாறிப் பேசியிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, புதியவை. சூசன்-லோரி பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியிலிருந்து தொடங்குகிறேன். 2002 நவம்பரில், ஒரு வருசத்துக்குத் தினம் ஒரு நாடகம் எழுதுவது என்று முடிவெடுத்து எழுதியும் முடித்தார். ‘365 டேஸ்/365 ப்ளேஸ்’ என்று புத்தகமாக வந்தது. 2006 முதல் 2007 வரை அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு நடித்தன. பல நாடகங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான், சிலவற்றில் பேச்சே அரிது. எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். தினமும் வலை போட்டால் சில நாள் சொறி மீனும்தான் ஏறும். ஆனால் அவர் எழுதிய விதம் உங்களுக்கு ஆகும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள். ஒன்பது பேர் முறை வைத்து நாளுக்கு ஒருவர் ஒரு பக்கம் எழுதுங்கள். தேறுவது நாலைந்து இருந்தால் போதும்.

கேரில் சர்ச்சில் இங்கிலாந்துக்காரர். எண்பது வயதைத் தாண்டியவர், ஆனாலும் என் கணக்கில் இன்று எழுதுகிறவர்களில் மிகப் புதியவர் அவர்தான். ‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’ என்று பத்து நிமிட நாடகம் ஒன்றை 2009-இல், காசா மீது தாக்குதல் நடந்த சமயத்தில் எழுதினார். ஏழு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பெரியவர்கள் தங்களுக்குள் தர்க்கம் செய்கிறார்கள். ‘அவளிடம் சொல்’, ‘அவளிடம் சொல்லாதே’ என்றே வரிகள் தொடங்கும். குழந்தை மேடைக்கு வருவதே இல்லை. எத்தனை பேர் நடிக்க வேண்டும் என்றுகூட எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் போடலாம், முடிவில் பாலஸ்தீன மருத்துவ உதவிக்குப் பணம் திரட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. பெரிய சர்ச்சையும் ஆனது. யூதர்கள் மீதான வெறுப்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை, ஆனால் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்ய வேண்டிய விஷயம் அது.

இதை மேடையேற்றச் சொல்லவில்லை. ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒருதரம் வாசியுங்கள், பிறகு மூடி வையுங்கள். அப்பா பிடிபட்ட வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு என்ன சொல்வார்கள்? ‘அப்பா தங்கல் போயிருக்காருன்னு சொல்லு.’ ‘தங்கலுன்னு சொல்லாத, எத்தன நாளுன்னு எண்ண ஆரம்பிச்சிருவா.’ நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதைத்தானே தங்கல் என்கிறோம். இவை நான் சும்மா எழுதிப் பார்த்த வரிகள். உண்மையானவை அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால் அவளாக முன்வந்தால் மட்டுமே. நாடகத்துக்காக அவளைத் தோண்டாதீர்கள்.

கடல் நாடகம் வேண்டும் என்றீர்கள். அங்கேதான் கொஞ்சம் தயங்குகிறேன். 2023-இல் நோபல் பரிசு பெற்ற யூன் ஃபோசே நார்வேயின் மேற்குக் கரையில் பிறந்தவர். அவருடைய ‘ஐ ஆம் தி விண்ட்’ 2007-இல் மேடைக்கு வந்தது. இரண்டே பேர், அவர்களுக்குப் பெயர்கூட இல்லை: ஒருவன், மற்றவன். சின்னப் படகில் போகிறார்கள், கொஞ்சம் குடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், இன்னும் தள்ளிப் போகிறார்கள். ஒருவன் கடலில் போய்விடுகிறான், தானாகவே. படகும் கற்பனை, செய்கைகளும் கற்பனை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். செட் இல்லாத உங்களுக்கு வசதிதான். ஆனால் கற்பனைச் சுக்கானை நீங்கள் பிடிக்கும் லட்சணத்தை இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

நகரத்து அரங்கில் இதைப் பார்க்கிறவர்களுக்குக் கடல் ஒரு மனநிலை. உங்கள் கரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது போன மாசியில் திரும்பாத தம்பி. அதனால் முதல் பாதியை ஒத்திகைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வாக்கியம், பாதியில் நிற்கும், அப்புறம் மௌனம். கரையில் வலை தைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசுவதைக் கேட்டிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். இதை நடித்துப் பழகினால் வசனத்தை ஒப்பிக்கும் பழக்கம் போகும். ஊர் முன்னால் வேண்டாம்.

ஊர் முன்னால் போட, முதலில் பிள்ளைகளைப் பிடியுங்கள். புதுச்சேரி ‘ஆழி’ குழுவின் வேலு சரவணன் போடும் ‘கடல் பூதம்’ வலையில் பூதம் சிக்கும் கதை. பிள்ளைகளும் சேர்ந்து கத்தினால்தான் நாடகம் நகரும். பிள்ளைகள் எழுந்து போகாவிட்டால் அம்மாக்களும் போகமாட்டார்கள்.

தமிழில் இன்னும் சில. கூத்துப்பட்டறை நாடகக் குழுவை 1977-இல் தொடங்கிய ந. முத்துசாமி 2018-இல் காலமானார். புதியவர் இல்லைதான். ஆனாலும் ‘நாற்காலிக்காரர்’ தேர்தல் நெருங்கும்போதெல்லாம் புதிதாகிவிடுகிறது. இளையான்குடிப் பக்கத்துக்காரரான கே. ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகம் என்று சொல்லப்படுவது. சாதியைப் பேசுகிற அதே மூச்சில் ஆண் பெண்ணை என்ன செய்கிறான் என்றும் கேட்கும். ஊர்க்கூட்டத்தில் முன்னாடியே பேசிவிட்டுப் போடுங்கள். மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணனின் ‘அரவான்’ ஓராள் நாடகம். உங்கள் மூன்று பையன்களில் எவனாவது பிடிவாதக்காரன் இருந்தால் அவனிடம் கொடுங்கள். கவிஞர் இன்குலாப் நம் கீழக்கரைக்காரர் என்பது கீழக்கரையிலேயே பலருக்குத் தெரியாது. மங்கை இயக்கிய அவருடைய ‘ஔவை’ குறுநாடகம் இல்லை. ஆனால் கோலூன்றிய கிழவியாகவே நாம் பார்த்துப் பழகிய ஔவை அதில் இளம்பெண், பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். ஒரு காட்சியை மட்டும் எடுத்தால்கூட உங்கள் ஆறு பெண்களுக்கும் இடம் இருக்கும்.

பத்து நிமிட நாடகங்கள் என்று இப்போது தனியாக ஒரு வகை ஓடுகிறது. சிட்னியில் 2002-இல் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா சென்னைக்கும் வந்தது. நானும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல், கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்த துணுக்குகள். துணுக்குக்கு ஒரு தடவைதான் சிரிக்கலாம். வள்ளி திருமணத்தில் முருகன் கிழவனாக வரப்போகிறான் என்று தெரிந்தேதான் சனம் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது.

பாசி எடுக்கிற நாலு பேர் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிதான். விடியுமுன் விரலுக்குத் துணி சுற்றுகிறார்களே, பாறை கிழிக்காமல் இருக்க, அதை அம்மா மகளுக்குச் சுற்றிவிடுகிற ஐந்து நிமிடத்தை அப்படியே மேடையில் செய்யச் சொல்லுங்கள். பத்து விரல். எந்த விரலில் பேச்சு நிற்கிறது, எந்த விரலில் அம்மா இறுக்கிக் கட்டுகிறாள் என்பதை அந்த நாலு பேரும் தீர்மானிக்கட்டும். மரிக்கொழுந்துப் பாசி என்ன விலை போகிறது என்பதும் தானாக வந்துவிடும்.

மேடை பற்றி. மே மாதம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பிவிடும். தென்கடல் பக்கம் போட்டால் ஒரு மைக்கும் காணாது. வடகடல் கரையில் போடுங்கள். நடிக்கிறவர்களின் முதுகில் காற்று அடிக்கிற மாதிரி நிறுத்துங்கள், குரலை அதுவே சனத்திடம் கொண்டுபோகும். நாங்கள் தொண்டியில் நேர்மாறாக நின்று தொண்டையைக் கெடுத்துக்கொண்டோம்.

உயிரோடு இருக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சந்தோசப்படுவார்கள். மறைந்தவர்கள் என்றால் குடும்பத்திடமோ பதிப்பகத்திடமோ கேளுங்கள். வெளிநாட்டு நாடகத்தை மொழிபெயர்த்துப் பொதுவில் போடுவதானால் அந்தப் பதிப்பகத்துக்கு எழுத வேண்டும், பதில் வர மாதக்கணக்கு ஆகும். பாம்பனில் 90.4 ‘கடல் ஓசை’ வானொலி 2016-இலிருந்து இருக்கிறது. விரல்துணி நாடகம் சரியாக வந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். துணி கிழிபடும் சத்தம் வானொலிக்கு நன்றாக இருக்கும்.

தேதி முடிவானதும் ஒரு வரி எழுதுங்கள். வந்தால் பின்னால் நின்றுதான் பார்ப்பேன், மேடைக்குக் கூப்பிட்டு துண்டு போடக்கூடாது.

அன்புடன்,
அண்ணன்