மிக நீண்ட பகலை எந்த நாட்டிலாவது விழாவாகக் கொண்டாடுகிறார்களா?

கொண்டாடுகிறார்கள். ஆறு வருடமாக நான் இருக்கும் பின்லாந்தில் கோடைக்கு அதைவிடப் பெரிய விழா கிடையாது. பெயர் யுஹான்னுஸ்.

சென்னையில் ஜூன் 21 அன்று பகல் 13 மணி நேரத்தைக்கூட எட்டாது, டிசம்பரிலும் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும், அதனால் நமக்கு வித்தியாசம் உறைப்பதே இல்லை. ஹெல்சிங்கியில் ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரப் பகல், டிசம்பரில் 6 மணி நேரம்கூடத் தேறாது. முதல் டிசம்பரில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு, மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் இந்த விழா எனக்குப் புரிந்தது.

முன்பு திருமுழுக்கு யோவானின் திருநாளான ஜூன் 24 அன்றே வந்துகொண்டிருந்தது. 1955 முதல் ஜூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமை. ஆனால் உண்மையான கொண்டாட்டம் முந்தின நாள் வெள்ளி மாலைதான். நகரமே காலியாகி எல்லோரும் ஏரிக்கரை மரவீடுகளுக்குப் போய்விடுவார்கள்.

கூட வேலை செய்யும் நண்பர் ஒரு வருடம் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா இரண்டு இளம் பிர்ச் மரங்களை வெட்டி வந்து வாசலின் இரு பக்கமும் நிறுத்தினார், நாம் வாழைமரம் கட்டுவோமே, அதேபோல! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாலை 6 மணிக்குக் கொடி ஏற்றினார்கள், அன்று இரவு மட்டும் அதை இறக்குவதில்லை, மறுநாள் இரவு 9 வரை பறக்கும். பிறகு சவுனா என்னும் சூடான நீராவிக் குளியல். பிர்ச் இலைக்கொத்தால் உடம்பில் அடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஓடிப்போய் ஏரியில் குதிப்பது. அப்புறம் புது உருளைக்கிழங்கு, ஹெர்ரிங் மீன். ஏழு வகைப் பூவைப் பறித்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் வருங்காலக் கணவன் கனவில் வருவான் என்று கல்யாணமாகாத பெண்களுக்கு ஒரு நம்பிக்கை.

கரையில் விறகைக் குவித்துக் கொளுத்தும் பெரிய நெருப்புக்குக் கொக்கோ என்று பெயர். காடு காய்ந்து கிடந்தால் தடை போட்டுவிடுவார்கள். நாங்கள் போயிருந்த வருடத்தில் மழை பெய்திருந்தது, அதனால் கொக்கோ எரிந்தது.

நள்ளிரவு தாண்டியும் யாரும் தூங்கப் போகவில்லை. சூரியன் மறைந்த இடத்தில் சிவப்பு அணையவே இல்லை, வடக்கு அடிவானத்தோடு மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சிவப்பிலிருந்தே சூரியன் எழுந்தான்.