பத்து மீட்டர்

அன்புள்ள ஐயா,

பிவிண்டி காட்டு மலைக் கொரில்லாக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பத்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அடுத்த மாதம் நானும் மனைவியும் உகாண்டா போகிறோம். வழிகாட்டியிடம் கொஞ்சம் பணம் கொடுத்தால் கையெட்டும் தூரத்தில் நின்று படம் எடுக்கலாம் என்கிறார் போய்வந்த நண்பர் ஒருவர். இவ்வளவு செலவழித்துப் போய்த் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டுமா? எனக்கு ஒரு வாரமாக இருமல் வேறு. அதற்குள் சரியாகாவிட்டால் மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பணம் கொடுக்காதீர்கள். கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான். உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அனுமதிச் சீட்டு ஆளுக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. கொரில்லாக்களோடு இருக்க விடுவதோ ஒரே ஒரு மணி நேரம்.

நான் போனது பிவிண்டி காட்டின் ருஹிஜா பக்கம். கொரில்லாக்கள் முந்தின இரவு படுத்த கூடுகளைத் தேடி, தடம் பார்ப்பவர்கள் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். நாங்கள் எட்டுப் பேர், கொடிகளைப் பிடித்துக்கொண்டு, காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் இறங்கி ஏறினோம். முதலில் வந்தது வாசனை; வியர்வையும் புகையும் கலந்ததுபோல. பிறகுதான் அவன் தெரிந்தான். முதுகு வெளுத்த அந்தத் தலைவன் ஒரு கொடியைப் பல்லிடையே கொடுத்து இழுத்து, இலைகளை மட்டும் உருவித் தின்றுகொண்டிருந்தான். கீழுதட்டில் ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்கின் மேலுள்ள சுருக்கங்களை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். அந்தச் சுருக்கங்களைப் பத்து மீட்டரிலிருந்தே தெளிவாகப் பார்த்தேன்.

அப்போது ஒரு குட்டி எங்களை நோக்கி நடந்து வந்தது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பேன், நீட்டத்தான் தோன்றியது. வழிகாட்டி என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் முட்புதருக்குள் பின்வாங்கினோம். நம் மூச்சுக்குத்தான் அவர் பயந்தார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1996-இல் பிவிண்டியில் ஒரு கொரில்லாக் கூட்டத்துக்குச் சொறிசிரங்கு வந்து முடி உதிர்ந்தது, குட்டி ஒன்று இறந்தது. கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலெமா-சிகுசோகா தேடிப் பார்த்தபோது, நோய் மனிதர்களிடமிருந்து வந்திருப்பது தெரிந்தது. 2009-இல் ருவாண்டாவின் ஹிர்வா கூட்டத்தில் மனிதர்களுக்கு வரும் சுவாச வைரஸ் பரவியபோது, வளர்ந்த பெண் கொரில்லா ஒன்றும் பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்றும் இறந்தன. நமக்கு நாலு நாள் இருமல். அவற்றுக்கு உயிர் போகிற காரியம். கடைசிக் கணக்கெடுப்புகளின்படி உலகிலேயே மொத்தம் 1,063 மலைக் கொரில்லாக்கள்தான். மிருகக்காட்சிசாலை எதிலும் ஒன்றுகூட இல்லை.

கொரில்லாக்களிடமிருந்து நாம் விலகி நிற்க வேண்டிய இடைவெளி முன்பு ஏழு மீட்டர்; அது கொரோனாவுக்குப் பிறகு பத்தானது. முகக்கவசமும் கட்டாயம். அந்தத் தூரத்தை விற்க முன்வரும் வழிகாட்டியைவிட, வாங்க முன்வரும் பயணியின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். மன்னியுங்கள், உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிட்டுப் போகிறீர்கள்.

தள்ளி நிற்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிவிண்டி காட்டுக்குள்ளேயே வாழ்ந்த பட்வா மக்கள், 1991-இல் அது தேசியப் பூங்காவானபோது வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லாக்களுக்காகத் தங்கள் தேனையும் மூலிகையையும் முன்னோரின் இடங்களையும் இழந்தவர்கள். அவர்கள் கொடுத்த விலைக்கு முன்னால் நம் பத்து மீட்டரைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே போனால் பட்வா வழிகாட்டிகளோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். மலையேறும்போது சுமை தூக்க உள்ளூர் ஆள் ஒருவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலுக்கும் நல்லது, அந்தக் கூலி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இருமலுக்கு மாத்திரை போடுங்கள், குணமாவதற்காக. மறைப்பதற்காக வேண்டாம். புறப்படும் நாள் காலையிலும் தொண்டை கரகரத்தால், மனைவியை அனுப்பிவிட்டு நீங்கள் விடுதியிலேயே இருந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அவர் பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.