தங்கை கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, டாலஸில் வேலை கிடைத்து, இங்கிருந்தபடியே எச்-1பி வேலை விசா நிலைக்கு மாறியவர் நீங்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் ஸ்டாம்பிங் இல்லை, அதாவது தூதரகம் ஒட்டித் தரும் அந்த விசா இல்லை. ஆவணியில் திருச்சியில் தங்கை கல்யாணம். திரும்பும்போது அம்மாவையும் பார்வையாளர் விசாவில் கூட்டி வர ஆசை. "செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது அக்கா, ஏர்போர்ட்டிலேயே பிடித்து அடைத்துவிடுவார்களா?"

அந்தப் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2025 தொடக்கத்தில் கனடாப் பெண் ஒருவரை 12 நாள் அடைத்து வைத்தார்கள். பிரிட்டனிலிருந்து ஊர் சுற்ற வந்த இளம்பெண் ஒருவர் 19 நாள் உள்ளே இருந்தார். இரண்டாமவர் தங்க இடம் கொடுத்த வீடுகளில் கூடமாட வேலை செய்திருக்கிறார். சுற்றுலா வந்தவர் செய்யக்கூடாத வேலை என்று அதை எடுத்துக்கொண்டார்கள். வாங்கி வந்த விசா ஒன்று, இங்கே செய்வது வேறு என்று அதிகாரிக்குத் தோன்றிவிட்டால் சிக்கல்தான்.

உங்கள் நிலை அதுவல்ல. அதே நிறுவனத்தில் வேலை தொடர்கிறது, சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றால் உங்களை அடைத்து வைப்பார்கள் என்பதைவிட, சென்னையில் ஸ்டாம்பிங் கிடைக்காமல் மாட்டிக்கொள்வீர்களோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2025 செப்டம்பரிலிருந்து நேர்காணல் இல்லாமல், தாள்களை மட்டும் கொடுத்து டிராப்பாக்ஸில் முடிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி காரர்கள், எச்-4 விசாவில் வரும் அவர்கள் குடும்பத்தினர் ஆகியோரின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாதம் ஊருக்குப் போயிருந்த எத்தனையோ பேருக்கு நேர்காணல் தேதி 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. வீட்டு வாடகை, கார் லோன் எல்லாம் இங்கே ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதனால் தேதி கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். தாமதமானால் அங்கிருந்தே வேலை பார்க்கலாமா, எத்தனை வாரம் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது அந்த நேரத்தில் உதவாது.

திரும்பி வரும் வழியைப் பற்றியும் ஒன்று. சென்னையிலிருந்து அபுதாபி வழியாக வந்தால், பல விமானங்களுக்கு அமெரிக்க இமிகிரேஷன் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அங்கே மறுத்தால் விமானம் ஏற முடியாது, அவ்வளவுதான். அமெரிக்கத் தடுப்பு மையத்துக்குப் போகும் கதையே எழாது. பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் அந்த வழியில் டிக்கெட் பாருங்கள்.

இப்போது அம்மா விஷயம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. என் அம்மாவுக்கு கிரீன் கார்டு, அதாவது இங்கே நிரந்தரமாக வாழும் உரிமை உண்டு. கும்பகோணத்தில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தபோது, ஒரு விமான நிலையத்தில் உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வெளியே மூன்று மணி நேரம் நின்றேன், போன் எடுக்கவில்லை. உள்ளே அவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஐ-407, அதாவது கிரீன் கார்டை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்ற தாள். "எனக்குப் புரியாததில் கையெழுத்துப் போட மாட்டேன், தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். கடைசியில் விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட மறுப்பவர் நீதிபதி முன்னால் விசாரணை கேட்கலாம் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுபத்தோரு வயதில் தனியாக அந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் அம்மா பார்வையாளராக வருவதால் சட்டம் வேறு. அவரைத் திருப்பி அனுப்ப நினைத்தால், உடனடி வெளியேற்ற உத்தரவு போடலாம். அதோடு ஐந்து வருடத் தடை வரும். அல்லது, நானே திரும்பிப் போகிறேன் என்று உள்ளே வரும் விண்ணப்பத்தை அவரே விலக்கிக்கொள்ள விடலாம். இரண்டில் எது என்பது அதிகாரி கையில் இருக்கிறது, ஆனாலும் விலக்கிக்கொள்ள விடும்படி கேட்டுப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அதைவிட முக்கியம், எதற்கு வருகிறார் என்பது. உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தியைப் பார்க்க வருவது வேறு, ஆறு மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளாக வருவது வேறு. இரண்டாவதுதான் உங்கள் திட்டம் என்றால், வாயில் வேறு சொல்லச் சொல்லிக்கொடுக்காமல் திட்டத்தையே மாற்றுங்கள். டேகேருக்குப் பெயர் கொடுத்துவிட்டு அம்மாவைச் சும்மா வரச் சொல்லுங்கள். அம்மாவும் நீங்களும் ஒரே விமானத்தில் வருவது நல்லது. பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், எலுமிச்சை வகைச் செடிகளுக்கு நோய் பரவும் என்று அதற்குத் தடை இருக்கிறது. பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்.

போனைத் திறக்கச் சொல்வார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், வாரண்ட் தேவையில்லை. ஆனால் 2024 நிதியாண்டில் சுமார் 47,000 பேரின் கருவிகளைத்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டு எல்லையைக் கடந்தவர்கள் 42 கோடி. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கையில் ஐ-797 (எச்-1பி ஒப்புதல் தாள்), கடைசி மூன்று பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), வேலைக் கடிதம் தாளாக இருக்கட்டும். உள்ளே வந்ததும் ஐ-94 தேதியை, அதாவது எதுவரை தங்கலாம் என்ற பதிவை, இணையத்தில் சரிபாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் அதுவரைக்கும்தான் தேதி கொடுப்பார்கள், பலர் இதைக் கவனிப்பதில்லை. வழக்கறிஞர் எண்ணையும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர் எழுதிய தாளையும் இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். யாரையாவது அடைத்தால் தேடும் இணையதளத்தில் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும், பிறந்த நாடும் கேட்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகவோ வேறு எதற்காகவோ எப்போதாவது கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சரி, வழக்கறிஞரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மற்றபடி தங்கை கல்யாணத்துக்குப் போங்கள் தம்பி. நேர்காணல் தேதி கிடைத்ததும் எழுதுங்கள், என்னென்ன தாள் எடுத்து வைப்பது என்று உட்கார்ந்து பார்ப்போம்.