சென்னை நாளிதழ் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு சங்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி: சென்னையில் ஒரு நாளிதழில் சப் எடிட்டராக இருக்கிறேன். அமெரிக்கப் பத்திரிகைகளில் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு, தங்களுக்காக நிர்வாகத்திடம் பேச ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களே, இங்கே அது நடக்குமா? நடந்தால் பலன் உண்டா?

பதில்: நடக்கும். நானே அப்படி ஓட்டுப் போட்டவன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு தமிழ் நாளிதழில் ப்ரூஃப் ரீடராக இருந்து ஓய்வு பெற்றேன். பேப்பர் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் தெரிந்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

உங்கள் ஆபீஸ் நிலவரம் எனக்குத் தெரியாது. ஆனால் பெயருக்கு ஒரு சங்கம் இருக்கும், டெஸ்க்கில் பாதிப் பேர் கான்ட்ராக்டில் இருப்பார்கள், சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) ஆனவர்கள் "நான் மேனேஜ்மென்ட் ஆச்சே" என்று ஒதுங்கி நிற்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டு நாளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஓட்டர் லிஸ்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். எங்கள் சண்டை முழுக்க அந்த லிஸ்டில்தான் நடந்தது.

பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்துக்காக அமைத்த மணிசானா ஊதியக் குழுவின் பரிந்துரை வந்த பிறகு நடந்த கதை இது. எங்களிடம் இரண்டு சங்கங்கள். ஒன்று மெஷின் செக்‌ஷன், பார்சல் செக்‌ஷன் ஆட்கள் நடத்திய பழைய சங்கம். இன்னொன்று எடிட்டோரியல் பக்கம் புதிதாக முளைத்தது. பழைய ஒப்பந்தம் முடிந்து நாளாகியும் நிர்வாகம் பேச வரவில்லை. கேட்டால், "உங்களில் யாரிடம் பேசுவது? நீங்களே முடிவு பண்ணிவிட்டு வாருங்கள்" என்றார்கள். 1926-ம் வருடத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்துக்குப் பதிவு கொடுத்ததே தவிர, அந்தச் சங்கத்தோடு பேசியே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விவகாரம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனது. லேபர் ஆபீசர் பொறுமையான மனிதர். மூன்று தரப்பையும் உட்கார வைத்து, ரகசிய வாக்கெடுப்புக்கு எழுத்தில் சம்மதம் வாங்கினார். அதற்குப் பிறகு நிர்வாகம் கொடுத்த பட்டியலைப் பார்த்தால், ப்ரூஃப் செக்‌ஷனில் ஒரு பெயர்கூட இல்லை! நாங்கள் வேறொரு கம்பெனியின் ஆட்களாம். சம்பளம் வேறு பெயரில் வந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அதே கட்டடம், அதே ஷிஃப்ட், அதே நியூஸ் எடிட்டர் எங்களை வேலை வாங்குகிறார். டிரெய்னிகள் பெயரும் இல்லை. சீனியர் சப் எடிட்டர்கள் சிலரையும் "நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள்" என்று வெட்டியிருந்தார்கள்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு பெரியவர் 1955-ம் வருட உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் நகலைக் கொண்டுவந்தார். பத்திரிகையாளர் யார் என்று சொல்லும் பிரிவில் ஆசிரியர், நிருபர், கார்ட்டூனிஸ்ட், போட்டோகிராபர் என்று போகும் வரிசையில் ப்ரூஃப் ரீடரும் இருந்தார். அந்த வரியை விரல் வைத்து லேபர் ஆபீசருக்குக் காட்டினார். அதே சட்டம் நிர்வாகப் பணியே பிரதானமாகச் செய்பவரைத்தான் விலக்கியது. பதவிப் பெயரை வைத்து யாரையும் விலக்கவில்லை. இரவு முழுக்கக் காப்பி திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கம் முடிக்கிற சீனியர் சப் எதை நிர்வகிக்கிறார்? லீவு கொடுக்கும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. வாதம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் பெயர்கள் லிஸ்டில் ஏறின.

ஓட்டுப் பெட்டியைக் கேன்டீனில் வைத்தார்கள். சிட்டி எடிஷன் ஓட்டி முடித்த மெஷின்காரர்கள் விடிகாலையிலேயே கையில் மையோடு வரிசையில் நின்றார்கள். "வீட்டுக்குப் போனா தூங்கிடுவோம் தம்பி, போட்டுட்டே போயிடறோம்" என்றார் ஒரு அண்ணன். டெஸ்க்கில் சிலர் மத்தியானம்வரை வரவே இல்லை. சங்கம் எழுதுகிறவர்களுக்கு உரியதல்ல என்ற நினைப்பு. 1918-ல் இதே ஊரில் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான திரு.வி.க., அப்போது 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர். அந்த மரபு நம்முடையது. அதை மறந்துவிட்டு, மெஷின் ஓட்டுகிறவரோடு ஒரே வரிசையில் நிற்கத் தயங்கியது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பழைய சங்கம் ஜெயித்தது. அதன் பிறகு, அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவுப்படி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டோம். லேபர் ஆபீசர் முன்னிலையில் போடும் அந்த ஒப்பந்தம் எதிர்த்து ஓட்டுப் போட்டவரையும், ஓட்டே போடாதவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். நைட் ஷிஃப்ட் படி உயர்ந்தது. இரவு வேலை முடிக்கும் பெண்களுக்கு வேன் வந்தது. அந்த வேனில் ஏறியவர்களில் வாக்களிக்க வராதவர்களும் இருந்தார்கள். ஏறட்டும், அதற்காகத்தானே போராடினோம்.

இப்போதைய நிலை வேறு. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில், அதாவது நிறுவனத்தின் ஊழியர் பதிவேட்டில், உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. நீங்கள் சொல்லும் அமெரிக்க முறையில் பதிவான ஓட்டில் பெரும்பான்மை போதும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் 2018-ல் 248-க்கு 44 என்று ஜெயித்தார்கள். இங்கே கணக்கு மஸ்டர் ரோலை வைத்து. அதனால் வராமல் இருப்பவரும் எதிராக நின்றவர் மாதிரிதான். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தொழிலாளி கணக்கிலேயே வரமாட்டார் என்பதையும் கவனியுங்கள். சீஃப் சப்களை வெட்ட இதைத்தான் எடுப்பார்கள்.

"நீ கட்சி சங்கத்து ஆள்" என்று யாராவது சொல்வார்கள். நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. சங்கத் தலைவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் நிர்வாகத்திலும் நியாயமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். சங்கம் கேட்பதால்தான் பேப்பர் நஷ்டமாகிறது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நியூஸ்பிரின்ட் விலை ஏறியதற்கும் விளம்பரம் செல்போனுக்குப் போனதற்கும் மெஷின்காரரின் நைட் படி காரணமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மன்னியுங்கள். நான் வெளியே வந்த பிறகு ப்ரூஃப் செக்‌ஷனையே மூடிவிட்டார்கள். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளுமாம். இன்று காலைப் பேப்பரை எடுத்தால் முதல் பக்கத்திலேயே ஒற்றுப்பிழை. இரங்கல் விளம்பரத்தில் இறந்தவரின் பெயரைத் தப்பாகப் போடுகிறார்கள். அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க எடுத்து வைத்திருக்கும் துண்டுக் காகிதம் அது. பிழையில்லாமல் அச்சிடுவதுதான் படிக்கிறவருக்குப் பேப்பர் செய்ய வேண்டிய முதல் மரியாதை.

சரி, உங்கள் விஷயம். மஸ்டர் ரோலில் யார் பெயர் இருக்கிறது, யார் சம்பளம் வேறு கம்பெனி பெயரில் வருகிறது என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். சீனியர்கள் தினம் செய்யும் வேலையைத் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மெஷின் செக்‌ஷனுக்கு இறங்கிப் போய் அங்கிருப்பவர்களோடு பேசுங்கள்.