ஆக்ஸிஜன் 96 இருந்தும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. நுரையீரல் புற்றுநோய்க்காக வேலூரில் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடித்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி ஆக்ஸிஜன் 96 என்றே காட்டுகிறது. ஆனாலும் கோலம் போடக் குனிந்தாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. உறவினர்கள் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள். சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

இயன்முறை மருத்துவரின் பதில்: முதலில் இரத்தசோகை, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்தல், கதிர்வீச்சுக்குப் பின் வரும் நுரையீரல் அழற்சி ஆகியவை இல்லையென்று சிகிச்சை அளித்த மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அவை இல்லையென்றால் சிலிண்டர் தேவைப்படாது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் பெரிதும் குறையாத 239 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஆக்ஸிஜனையும் மற்றவர்களுக்குச் சாதாரணக் காற்றையும் மூக்குக் குழாய் வழியே கொடுத்து, 2010இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், இரு பிரிவினருக்கும் மூச்சுத்திணறல் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது.

அப்படியானால் மூச்சு ஏன் வாங்குகிறது? சிகிச்சைக் காலத்தில் படுத்தே இருந்ததால் தொடைத் தசைகள் மெலிந்திருக்கும். மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவில் களைத்து மூச்சை வேகப்படுத்தும். அந்த வேகத்தைக் கண்டு மனம் பயப்பட, பயம் மூச்சை இன்னும் மேலோட்டமாக்கும். அதனால் அவர் அசையவே தயங்க, தசை மேலும் மெலியும். உறவினர்களின் அறிவுரை அன்பினால் வருவதுதான், ஆனால் இந்தச் சுழலை இறுக்குவதும் அதுவே.

மூச்சு வாங்கும்போது நாற்காலியில் முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல வெளிவிடச் சொல்லுங்கள். குனிவது, படியேறுவது போன்ற சிரமமான அசைவின்போது மூச்சு வெளியே போகவேண்டும்; பெரும்பாலானோர் அப்போதுதான் அடக்கிக்கொள்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சிறு கைவிசிறியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கும் மேலுதடும் குளிரும்படி சில நிமிடங்கள் காட்டினால் திணறல் தணியும். 50 பேரிடம் காலுக்கும் முகத்துக்கும் மாறிமாறி விசிறி காட்டி இதைச் சோதித்திருக்கிறார்கள். முகத்தில் பட்ட காற்றுதான் பலன் தந்தது. பனையோலை விசிறியும் ஆகும், ஆனால் வீசுபவர் நீங்களாக இருக்க வேண்டும்.

இவை திணறலைத் தணிக்கும். திறனைக் கூட்டுவது உடற்பயிற்சிதான். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வாரம் மூன்று முறை 30 நிமிட நடையும், இரண்டு முறை தசைப் பயிற்சியும் என்று 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. அம்மா ஐந்து நிமிட நடையிலும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவதிலும் தொடங்கட்டும். நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிந்தால் அளவு சரி. நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எலும்பில் நோய் பரவியிருந்தால் இவற்றை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த ஊர் வேலூர். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இயன்முறை சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், சளியில் இரத்தம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.