உதவி இயக்குநர் ஹெர்பர்ட் கோல்மன்

மதிப்பிற்குரிய ஐயா,

ஹாலிவுட்டின் திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பற்றிய உங்கள் கட்டுரையில், உதவி இயக்குநராக இருந்து தயாரிப்புப் பக்கம் சென்றவர் என்று ஹெர்பர்ட் கோல்மனை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒரு மேதையின் அருகில் அத்தனை காலம் இருந்தும் இயக்குநராகப் பெயர் பெறாதது தோல்விதானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நான் அப்படிக் கருதவில்லை. நம் ஊரில் உதவி இயக்குநர் என்றால் சொந்தக் கதையோடு தன் முறைக்குக் காத்திருப்பவர் என்றே பொருள்கொள்கிறோம். ஹாலிவுட்டில் முதல் உதவி இயக்குநர் வேலை தனித் தொழில். எந்தக் காட்சியை எந்த நாளில் எடுப்பது, யார் யார் வரவேண்டும், வெளிச்சம் போவதற்குள் எவ்வளவு முடியும் என்று திட்டமிடுவதும், பின்னணியில் நடமாடும் துணை நடிகர்களை இயக்குவதும் அவர் பொறுப்பு. அங்கிருந்து தயாரிப்பு நிர்வாகத்துக்கு உயர்வது இயல்பான படி. சிறந்த உதவி இயக்குநருக்கென்றே 1930களில் ஆஸ்கார் இருந்தது. 1937ஆம் ஆண்டுப் படங்களோடு அது நின்றுபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் (1954) உதவி இயக்குநராக இருந்த கோல்மன், 'டு கேட்ச் எ தீஃப்' (1955) படத்துக்காக பிரான்சின் தென்கடற்கரையில் இரண்டாம் யூனிட்டை, அதாவது இயக்குநர் இல்லாமல் சில காட்சிகளைத் தனியே படமாக்கும் குழுவை, நடத்தினார். ஹாலிவுட்டில் இருந்தபடி அந்தக் காட்சிகளைப் போட்டுப் பார்த்த ஹிட்ச்காக் அவருக்கு நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். கார் ஒன்று எதிரே வரும் பேருந்தைத் தவிர்க்கும் காட்சியில், வளைவில் வரும் பேருந்து, ஆபத்தை நாம் உணர்வதற்குள் கடந்துவிடுகிறது. முதலில் நீண்ட சாலையும் அதன் முடிவில் வளைவும் தெரியவேண்டும், அதன்பிறகே பேருந்து நம்மை நோக்கி வரவேண்டும் என்பது அதன் சாரம். பார்வையாளரின் அச்சத்தை இவ்வளவு நுட்பமாக அளந்தது ஹிட்ச்காக்கின் மூளைதான், ஐயமில்லை. ஆனால் அந்தத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்னபடி அமைந்த சாலையைத் தேடி, போக்குவரத்தை நிறுத்தி, பேருந்தையும் காரையும் கேமராவையும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டிய பொறுப்பு கோல்மனுடையது. நேரில் நிற்காத இயக்குநரின் மனக்காட்சியை அவர் சார்பில் படமாக்குவதற்குப் பணிவு மட்டும் போதாது, அவருக்கு நிகரான காட்சியறிவும் வேண்டும்.

'வெர்டிகோ' (1958), 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) இரண்டிலும் அவர் இணைத் தயாரிப்பாளர். 'வெர்டிகோ'வின் உயிர்நாடியான மணிக்கூண்டு, படம் எடுத்த சான் ஹுவான் பாட்டிஸ்டா தேவாலயத்தில் அப்போது கிடையாது. ஸ்டுடியோ செட்டும் ஓவியமும் சேர்ந்துதான் அது உருவானது. இத்தகைய வேலைகளுக்கு ஆளையும் நாளையும் பணத்தையும் ஒதுக்கித் தருவது தயாரிப்புத் தரப்பின் கடமை, திரையில் அதன் சுவடே தெரியாவிட்டாலும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1961இல் கோல்மன் இரண்டு படங்களைத் தாமே இயக்கினார். அவை அவருக்குப் பெரும்பெயர் தரவில்லை என்பது உண்மை. ஆனால் 1969இல் 'டோபாஸ்' வெளிவந்தபோது, இணைத் தயாரிப்பாளர் என்ற இடத்தில் மறுபடியும் அவர் பெயரே இருந்தது.

அன்புடன்.