எது எரிகிறது? காற்று மாசு பற்றிக் கேள்வி பதில்

காற்றை அளக்கும் கருவிகளோடு பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். மருத்துவர் இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா, இன்ஹேலரை மாற்றலாமா என்று கேட்டால் பதில் வராது. மற்றபடி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்: அக்கா, எல்லோரும் பி.எம். 2.5 என்கிறார்கள். தூசி என்றால் தூசிதானே, அதற்கு எதற்கு எண்?

பி.எம். என்றால் காற்றில் மிதக்கும் துகள். அந்த எண் துகளின் விட்டம், மைக்ரான் கணக்கில்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 50 முதல் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுதியும் மகரந்தமும் பெரியவை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியாகவோ தும்மலாகவோ வெளியே வந்துவிடும். 2.5க்குக் கீழே உள்ளவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய் உட்காரும். அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடும்.

இவை பெரும்பாலும் எரிவதிலிருந்து வருகின்றன. நிலக்கரி, டீசல், விறகு, குப்பை, வயலில் மிஞ்சிய தாள், காட்டுத் தீ. ஆனால் எல்லாமே புகையாகக் கிளம்புவதில்லை. நிலக்கரியிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடும் எஞ்சினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாகத்தான் புறப்படுகின்றன. காற்றில் அமிலமாக மாறி, உரத்திலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து, நடுவழியில் துகளாகப் பிறக்கின்றன. அதனால்தான் ஒரு புகைபோக்கியும் கண்ணில் படாத இடத்தில்கூட மீட்டர் ஏறும். யார் என்ன கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: எது எரிகிறது?

ஓட்டப் பிரியர்: ஓடுவதற்குக் காலை நல்லதா, மாலை நல்லதா?

உங்கள் இடத்தில் எது தொல்லை தருகிறது என்பதைப் பொறுத்தது. துகள் என்றால் குளிர்காலத்து விடிகாலைதான் மோசம். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தேங்கும். வெயில் ஏறிய பிறகுதான் அந்த மூடி விலகும். பனி என்று நினைத்து ரசித்துக்கொண்டே ஓடுவது பல நாள் புகைக்குள்தான்.

ஓசோன் என்ற வாயு நேர்மாறு. நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் வெந்துதான் அது உருவாகிறது; வெயில் காலத்துப் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். ஓடும்போது நீங்கள் இழுக்கும் காற்று, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போலப் பத்து மடங்குவரை போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். முடிந்தால் பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி ஓடுங்கள். வண்டிப் புகை நூறு, இருநூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நுரையீரலைச் சுத்தம் செய்ய ஏதாவது கஷாயம் இருக்கிறதா?

இல்லை.

மகள்: என் அம்மாவுக்கு நுரையீரலில் ஒன்றுமில்லை, இதயத்தில்தான் கோளாறு. அவருக்கும் மாசுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. மாசு என்றவுடன் எல்லோரும் இருமலைத்தான் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் வெளிக்காற்று மாசால் அகாலமாக இறந்தவர்கள் சுமார் 42 லட்சம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாரடைப்பும் பக்கவாதமும்தான். நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 சதவீதம்தான். துகள்கள் உடம்பு முழுக்க ஓர் அழற்சியைக் கிளப்புகின்றன, ரத்தம் எளிதில் உறைகிறது, ஏற்கெனவே அடைப்பு உள்ள குழாய் இன்னும் இறுகுகிறது. ஆகவே மீட்டர் ஏறிய நாட்களில் அம்மா வெளியே நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். நெஞ்சு வலித்தால் காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புதுத் தந்தை: கைக்குழந்தை இருக்கிறது. எந்த ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், கணக்கு சொல்கிறேன். அறை 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 48 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறையாவது அது ஃபில்ட்டர் வழியாகப் போய்வர வேண்டும், அதாவது 240 கன மீட்டர். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கும்; மெஷின் எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதுதான் அது. அது மணிக்கு 240ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அந்த எண் அதிக வேகத்தில் அளந்தது. சத்தம் தாங்காமல் நீங்கள் குறைந்த வேகத்தில்தான் ஓட்டுவீர்கள். எனவே கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள்.

ஃபில்ட்டர் ஹெப்பாவாக இருக்கட்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள். அதைவிடச் சின்னது தப்பிவிடுமா என்று கேட்பவர்களுக்கு: தப்பாது. பிடிப்பதற்குக் கஷ்டமான அளவே ஏறக்குறைய அந்த 0.3தான். அதைவிடச் சின்னவை ஓர் இடத்தில் நில்லாமல் தள்ளாடிக்கொண்டே போவதால் இழையில் மோதி இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது என் பழைய பாட்டு: ஓசோன் வெளியிடும் மெஷினை வாங்காதீர்கள். 'காற்றைப் புத்துணர்வாக்கும்', 'ஆக்டிவ் ஆக்சிஜன்' என்றெல்லாம் எழுதியிருக்கும். ஓசோன் மேலே வானத்தில் இருந்தால் குடை, மூக்குக்குள் போனால் அரிப்பு.

கணவரோடு சண்டையில் இருப்பவர்: என் போனில் ஓர் ஆப் எங்கள் ஊர்க் காற்றின் ஏ.க்யூ.ஐ. 100 என்கிறது, அவர் போனில் 154 என்கிறது. யாருடையது பொய்?

இரண்டும் நிஜமாக இருக்கலாம். ஏ.க்யூ.ஐ., அதாவது காற்றுத் தரக் குறியீடு என்பது அளவு இல்லை, மதிப்பெண். ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருந்தால் இந்திய அட்டவணையில் 100, அமெரிக்க அட்டவணையில் 150க்கு மேல். ஆகவே மைக்ரோகிராமைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு ஆண்டுச் சராசரி 5, ஒருநாள் சராசரி 15. சண்டையில் இருவருக்கும் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செடி வளர்ப்பவர்: அறைக்குள் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதே?

செடி அழகுக்கு வையுங்கள், காற்றுக்காக வேண்டாம்.

இன்னொரு தந்தை: எந்த ப்யூரிஃபையர் நல்லது?

மேலே இருக்கிறது. 48, 240.

வீட்டுத் தலைவி: மின்சார அடுப்புக்கு மாறிவிட்டேன். இனி சமையலறைக் காற்று சுத்தம்தானே?

பாதிச் சுத்தம். கேஸ் சுடரிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு போய்விட்டது, அது பெரிய லாபம். ஆனால் எண்ணெய் கொதித்துப் புகைந்தால் எந்த அடுப்பானாலும் துகள் வரும். புகையை வெளியே தள்ளும் விசிறியைச் சமைக்கத் தொடங்கும்போதே போட்டு, முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கொசுவத்திச் சுருளையும் நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்தது. கொசுவலை எதையும் எரிப்பதில்லை.

செடி வளர்ப்பவர் (மறுபடியும்): என்னை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நாசா விஞ்ஞானிகளைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

சரி, உட்காருங்கள். அவர்கள் அளந்தது தப்பில்லை. அதை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் எங்கேயோ போய்விட்டார்கள். 1989இல் வந்த அந்த ஆய்வு விண்வெளி நிலையம் மாதிரியான மூடிய இடத்தை மனதில் வைத்துச் செய்தது. காற்றுப் புகாத சின்னக் கூண்டுக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளை உள்ளே விட்டு, ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. ஆனால் உங்கள் அறை கூண்டு இல்லை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றோட்டம் நீக்கும் அளவுக்குச் செடிகளும் ஆவிகளை நீக்க வேண்டுமானால் எத்தனை செடி வேண்டும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் கணக்கிட்டார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி. மேலே சொன்ன 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை 16 சதுர மீட்டர்; அதற்குக் குறைந்தபட்சம் 160 தொட்டி. நீங்கள் எங்கே படுப்பீர்கள்? அதுவும் ஆவிகளுக்கு மட்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும் துகளை அந்த ஆய்வு தொடவேயில்லை.

காடு வளர்ப்பில் இருப்பவர்: நான் குறுக்கே வருகிறேன். தொட்டிச் செடியை விடுங்கள். வெளியே மரம் நட்டால்?

இது நல்ல கேள்வி. இலையில் துகள் ஒட்டும், மழையில் கழுவிப் போகும். ஆனால் ஊர்க் காற்று மொத்தத்தில் அது சொற்பம்தான். மரத்தின் பலன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே அடர்ந்த வேலிச் செடி இருந்தால், புகை நடப்பவர் மூக்குக்கு நேராக வராமல் மேலே விலகும். இரண்டு பக்கமும் உயரமான கட்டடம், நடுவே குறுகலான தெரு, மேலே குடைபோல் மூடிய மரங்கள் என்றால் புகை அடியிலேயே தங்கிவிடும். சில மர வகைகள் ஐசோப்ரீன் என்ற ஆவியை விடும். அது வண்டிப் புகையோடு சேர்ந்தால் ஓசோன் கூடும்.

செடி வளர்ப்பவர்: அப்படியென்றால் மரத்தை வெட்டச் சொல்கிறீர்களா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நிழலுக்கு நடுங்கள், வெக்கை தணிய நடுங்கள், பறவைக்கு நடுங்கள். "ஆயிரம் மரம் நட்டுவிட்டோம், எங்கள் புகைபோக்கியைக் கேட்காதீர்கள்" என்று ஆலைக்காரர் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

கணக்குப் பிள்ளை: உங்கள் பேச்சைப் பார்த்தால் புகைபோக்கியை மூடினால் போதும் என்பதுபோல் இருக்கிறது. மூடி, உடம்பு தேறியதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை. தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்டிலிருந்து 1987 செப்டம்பர் வரை 13 மாதம் மூடிக் கிடந்தது. அதே ஊர், அதே குளிர், அதே பிள்ளைகள். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா போன்றவற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள், மூடிய குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத பரிசோதனை அது. அயர்லாந்தின் டப்ளினில் 1990இல் புகை விடும் நிலக்கரி விற்பனையைத் தடை செய்தார்கள். கரும்புகை 70 சதவீதம் இறங்கியது. ஈயம் கலந்த பெட்ரோலைக் கடைசி நாடும் 2021இல் கைவிட்டது. ப்யூரிஃபையர் ஓர் அறைக்கு, சட்டம் ஊருக்கு.

கார் பிரியர்: மின்சாரக் காரிலும் டயர் தேய்கிறதே, அப்புறம் என்ன பயன்?

டயர் தேயும். கார் கனமானால் கூடுதலாகவே தேயலாம். ஆனால் பிரேக் தூசு குறையும், பின்னால் குழாயே இல்லை. மின்சாரம் நிலக்கரியில் வந்தால் புகை வேறு ஊரில். பேருந்தும் சைக்கிளும் இந்த வாக்குவாதத்தை முடித்துவைக்கும்.

மாஸ்க் அணிபவர்: துணி மாஸ்க் போதுமா?

போதாது. என்95, முகத்தில் இடைவெளி இல்லாமல். தாடி இருந்தால் இடைவெளி இருக்கும். வாயுக்களை அது தடுக்காது.

கடைக்காரர்: கரண்ட் போகும்போது கடைக்குள்ளேயே ஜெனரேட்டர் ஓட்டுகிறேன். ஷட்டர் பாதி திறந்திருக்கும், ப்யூரிஃபையரும் இருக்கிறது. பரவாயில்லையா?

உடனே வெளியே எடுங்கள். மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். ஜெனரேட்டர் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எந்த ப்யூரிஃபையரும் அதைப் பிடிக்காது. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். பாதி ஷட்டர் போதாது. வெளியே, கதவுக்கும் ஜன்னலுக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள்; கடைக்குள் ஓர் அலாரமும் மாட்டுங்கள்.

மூன்றாவது தந்தை: எந்த ப்யூரிஃபையர்...

48, 240. மேலே.

செடி வளர்ப்பவர்: பத்துச் செடி வைத்தால் கொஞ்சமாவது?

வெளிக்காற்று நன்றாக இருக்கும் நாளில் ஜன்னலை ஒரு விரற்கடை திறங்கள். அது பத்துச் செடியைவிட அதிகம் செய்யும்.

தாமதமாக வந்தவர்: அக்கா, நான் போன வாரமே ஓசோன் மெஷின் வாங்கிவிட்டேன். கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அதை என்ன செய்வது?

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே ஒரு செடி வையுங்கள்.